பதினொன்றாவது வாரத்தில் ஒரு கடிதம்

நான்கு பக்கக் கடிதம் அது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 44. இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, பதினோரு வாரங்களுக்கு முன் அந்த மார்பகம் முழுவதும் நீக்கப்பட்டது. அதே அறுவை சிகிச்சையில் மார்புத் தசைக்கு அடியில் எக்ஸ்பாண்டர் என்ற விரியும் பையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அக்குளிலிருந்து இரண்டு நிணநீர்க் கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டிலும் நோய் இல்லை. கீமோதெரபியும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை. நோய் திரும்பாமலிருக்க, ஹார்மோனின் தூண்டுதலைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். வடிகுழாய்களை 16ஆம் நாளில் எடுத்தார்கள். பிறகு நான்கு முறை பைக்குள் உப்புநீர் ஏற்றி விரித்தாகிவிட்டது. பையை எடுத்துவிட்டு நிரந்தரமான சிலிகான் பையை (இம்ப்ளாண்ட்) வைக்கும் இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் தேதி குறித்திருக்கிறார்கள்.

"எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். எனக்குத்தான் எதுவும் நல்லபடியாக இல்லை" என்று எழுதுகிறார். மார்பைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டியது போன்ற இறுக்கம். கை தோள் உயரத்துக்கு மேல் எழவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கயிறு ஒன்று புடைத்துத் தெரிகிறது. நீட்டினால் அறுந்துவிடுமோ என்று பயந்து பயிற்சியை நிறுத்திவிட்டார். "அந்தக் கையை இனி அசைக்கவே கூடாது, வீங்கிவிடும்" என்று உறவினர்கள் வேறு சொல்கிறார்கள். சென்ற வாரம் இறுக்கம் தணிய வெந்நீர்ப் பை வைத்திருக்கிறார். சூடு தெரியவே இல்லை; மறுநாள் பார்த்தால் கொப்புளம். கண்ணாடி முன் நிற்பதை விட்டுவிட்டார். விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுகிறார். கணவர் இதுவரை அந்த இடத்தைப் பார்த்ததில்லை, இருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

அவருடைய கேள்விகள் இவை. "மார்பகத்தை எடுத்ததோடு விட்டிருந்தால் இந்நேரம் குணமாகியிருப்பேன். ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது தவறா? உள்ளே பை இருந்தால், நோய் திரும்பி வந்தாலும் தெரியாமல் போய்விடாதா? அடுத்த அறுவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?"

அன்புச் சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் குறிப்பிட்ட கொப்புளத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான்.

மார்பகம் நீக்கிய இடத்தில் தோல் மெலிதாக இருக்கும். அதற்கு வரும் இரத்த ஓட்டமும் முன்பைவிடக் குறைவு. அந்தத் தோலுக்குச் சற்றுக் கீழேயே உங்கள் எக்ஸ்பாண்டர் இருக்கிறது. கொப்புளம் உடைந்து புண் ஆழமானால் கிருமி பை வரை போய்ச் சேரலாம். அப்படிச் சேர்ந்தால் சில சமயம் பையையே எடுக்க வேண்டியதாகிவிடும். பெரும்பாலான கொப்புளங்கள் அந்த அளவுக்குப் போகாமல் ஆறிவிடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் அதைக் கண்ணால் பார்க்காமல் நான் சொல்ல முடியாது, நீங்களும் ஊகிக்க வேண்டாம். அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் இன்றே உங்கள் அறுவை மருத்துவரை அழைத்துக் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், கைக்குக் கிடைத்த களிம்பைத் தடவாதீர்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் கசிந்தாலோ, அந்தப் பக்கம் திடீரென வீங்கினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் வேதனைகளுக்கு வருவோம். அவை எல்லாவற்றையும் நீங்கள் ஒரே தலைப்பில், 'மார்பகம் வைத்துக்கொண்டதால் வந்தவை' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒவ்வொன்றையும் அதற்கு உரிய கணக்கில் பிரித்து எழுதிப் பார்த்தேன். எக்ஸ்பாண்டரின் பேரில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான் தேறியது. மற்றவை நீங்கள் எதையும் வைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தாலும் வந்திருக்கக்கூடியவை. அடுத்த மாத முடிவை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெளிவாக வேண்டும்.

மரத்துப்போனது ஏன்?

மார்புத் தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்புகள் மார்பகத் திசுவின் ஊடாகத்தான் வருகின்றன. திசுவை முழுவதும் எடுக்கும்போது அவையும் அறுபடுகின்றன. எக்ஸ்பாண்டர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இது நடந்தே தீரும். அக்குளில் கத்தி பட்டவர்களுக்கு மேல் கையின் உட்புறமும் மரத்துப்போகலாம். ஓரங்களிலிருந்து உணர்வு மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் உள்நோக்கி வரும். ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். நடுப்பகுதியில் முழு உணர்வு பெரும்பாலானவர்களுக்குத் திரும்புவதில்லை. இடையிடையே மின்சாரம் சுண்டியது போலவும், எறும்பு ஊர்வது போலவும், இல்லாத மார்புக் காம்பு அரிப்பது போலவும்கூட இருக்கும். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, இதை வெளியே சொல்லாமலே இருந்துவிடும் பெண்கள் உண்டு. அறுபட்ட நரம்புகள் செய்யும் வேலை அது.

இதை அறுவைக்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருப்பார்கள் என்றால், கையெழுத்துப் போடும் படிவத்தில் பதினேழாவது வரியாகச் சொல்லியிருப்பார்கள். எங்கள் துறையில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வாக்கியம் உண்டு: "கவலைப்படாதீர்கள், பழையபடி ஆகிவிடுவீர்கள்." நானும் பல ஆண்டுகள் அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. எங்களால் ஒரு வடிவத்தைத் திருப்பித் தர முடிகிறது. உடை பொருந்தும், நிமிர்ந்து நிற்கும்போது இரண்டு பக்கமும் ஓரளவு ஒத்திருக்கும். உணர்வுள்ள பழைய மார்பகத்தை எங்களால் தர முடியாது. அதை இழந்த துக்கம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்யும். புதிய வடிவம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்தத் துக்கம் பொய்யாகிவிடாது.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்னவென்றால், அந்த இடத்துக்கு வெந்நீர்ப் பையும் வேண்டாம், ஐஸ் ஒத்தடமும் வேண்டாம், எப்போதுமே. குளிக்கும் நீரின் சூட்டை வலது கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தழும்பின் மேல் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புப் பட்டை

எக்ஸ்பாண்டரின் கணக்கில் நான் எழுதிய ஒன்று இதுதான். தட்டையாகக் கிடந்து பழகிய தசையை அடியிலிருந்து ஒரு பை தூக்குகிறது. ஒவ்வொரு முறை உப்புநீர் ஏற்றிய பிறகும் தசை முரண்டு பிடிக்கும், இரண்டு மூன்று நாளில் தளரும். போதாக்குறைக்கு, எக்ஸ்பாண்டரின் உறை இம்ப்ளாண்டைவிடத் தடிமனானது. தோலை விரிப்பதுதான் அதன் வேலை, மென்மையாக இருப்பது அன்று. அது மார்பில் சற்று உயரமாகவும், தொட்டால் கெட்டியாகவும், மறுபக்கத்தோடு பொருந்தாமலும் இருக்கும். 'இதுதான் இனி என் மார்பு' என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை நான் ஏற்கவில்லை. கட்டடத்துக்குக் கட்டிய சாரத்தைப் பார்த்துவிட்டு வீடு அசிங்கமாக இருக்கிறது என்கிறீர்கள்.

இம்ப்ளாண்ட் மாற்றிய பிறகு இந்தக் கெட்டித்தன்மை பெரும்பாலும் குறைகிறது. முற்றிலும் மறைந்துவிடும் என்று உறுதி கூற மாட்டேன். தசைக்கு அடியில் வைத்த இம்ப்ளாண்ட், கையை ஊன்றி எழும்போது தசையோடு சேர்ந்து அசையும். சிலருக்கு அது உறுத்தலாக இருக்கும். உடல் எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் ஓர் உறை கட்டும்; சிலரில் அந்த உறை நாளடைவில் சுருங்கி இறுகும். கதிர்வீச்சு பெற்றவர்களிடம் இது அதிகம். உங்களுக்குக் கதிர்வீச்சு தரப்படாதது இந்த வகையில் உங்களுக்குச் சாதகம்.

அதுவரை மல்லாந்து, முதுகையும் தலையையும் தலையணைகளால் சற்று உயர்த்தி, இடது கைக்கு அடியிலும் ஒரு சிறு தலையணை வைத்துப் படுத்துப் பாருங்கள். வலி மாத்திரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தவிர்ப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. வலி தணிந்தால்தான் கையை அசைக்க முடியும், கையை அசைத்தால்தான் இறுக்கம் போகும். எரிச்சல், சுருக்கென்ற குத்தல், துணி உரசினாலே வேதனை போன்றவை மூன்று மாதங்களுக்குப் பிறகும் தொடர்ந்தால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை அதற்குச் சரிப்படாது. அதற்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன. வலி நிவாரண மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் கயிறும், அசைக்காத கையும்

நீங்கள் விவரித்த கயிறு எங்களுக்கு மிகவும் பழக்கமானது. அக்குளில் கணு எடுத்த சில வாரங்களில் பலருக்கு வருகிறது. இரண்டே கணு எடுத்தவர்களுக்கும் வரும். அறுவையால் பாதிக்கப்பட்ட நிணநீர் நாளங்கள் அழற்சியடைந்து இறுகிப்போனவைதான் இப்படிக் கயிறாகத் தெரிகின்றன என்று கருதுகிறோம். நீங்கள் பயப்படுவது போல அது நரம்பும் அன்று, அறுந்தால் இரத்தம் கொட்டும் குழாயும் அன்று. இழுத்து நீட்டும்போது சில சமயம் 'டப்' என்ற உணர்வோடு அது விட்டுப்போகும், அதன்பின் கை முன்பைவிட மேலே எழும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மறையும். பிசியோதெரபி செய்தால் விரைவாக. இதுவும் அக்குளின் கணக்கு, எக்ஸ்பாண்டரின் கணக்கில் வராது.

நீங்கள் பயிற்சியை நிறுத்தியதுதான் எனக்குக் கவலை தருகிறது. அசையாத தோள் மூட்டு வாரக்கணக்கில் இறுகி, கடைசியில் உறைந்த தோள் என்ற நிலைக்குப் போய்விடும். அதிலிருந்து மீள்வது மார்பகக் காயம் ஆறுவதைவிடக் கடினம். கையை அசைத்தால் வீங்கிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் இருந்தது, அதனால் உங்கள் உறவினர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பளுதூக்கும் பயிற்சியைக்கூடப் படிப்படியாக, கண்காணிப்போடு செய்யவைத்து ஆராய்ந்து பார்த்தாகிவிட்டது. வீக்கம் அதிகரிக்கவில்லை.

கையில் நிணநீர் தேங்கி வரும் இந்த வீக்கம் யாருக்கு வருகிறது என்பது பெரும்பாலும் எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன, அக்குளுக்குக் கதிர்வீச்சு தரப்பட்டதா, உடல் எடை எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தது. அக்குளின் கணுக்களைப் பெருமளவில் நீக்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வரலாம். உங்களைப் போல ஓரிரு கணுக்கள் மட்டும் எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான். ஆகவே கை கனப்பது, மோதிரமோ சட்டைக் கையோ இறுகுவது போன்றவற்றைக் கவனித்தால் போதும். வெட்டுக்காயம் பட்டால் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் தாமதிக்காதீர்கள்.

எக்ஸ்பாண்டர் உள்ளே இருப்பதால் எந்த அசைவு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வழக்கமாக நான் சொல்வது இதுதான்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏறுங்கள். எட்டும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 'இழுக்கிறது' என்ற இடம் வரை போய், அங்கே நாலைந்து மூச்சு நின்று, இறங்குங்கள். 'வலிக்கிறது' என்ற இடம் வரை போக வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. வேகமாக உதறுவதும், யாராவது கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது. சென்ற வாரக் கோட்டுக்கும் இந்த வாரக் கோட்டுக்கும் இரண்டு விரல் வித்தியாசம் இருந்தாலே நல்ல முன்னேற்றம். இப்படிப்பட்ட கயிறுகளை ஏற்கெனவே கையாண்ட பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நோய் ஒளிந்துகொள்ளுமா?

இந்த அச்சத்தைச் சுமந்துகொண்டு மூன்று மாதம் எப்படித் தூங்கினீர்கள் என்று தெரியவில்லை. சுருக்கமான பதில்: இம்ப்ளாண்ட் வைப்பதால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை. முழு மார்பகமும் நீக்கிய பின் அதே இடத்தில் நோய் திரும்பினால் அது பெரும்பாலும் தோலிலோ, தோலுக்குச் சற்று அடியிலோதான் தோன்றும். பை இருப்பது அதற்கும் அடியில். அதாவது அது தோலை முன்னே தள்ளி நிறுத்துகிறதே தவிர, மறைத்து வைப்பதில்லை. குளிக்கும்போது விரல் நுனிகளால் தழும்பு ஓரத்தையும் அக்குளையும் மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். பட்டாணி போன்ற கட்டி, ஆறாத சிவப்புத் திட்டு, புதிய பள்ளம் எது தட்டுப்பட்டாலும் காட்டுங்கள். அந்தப் பக்கத்துக்கு வழக்கமான மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பொதுவாகத் தேவைப்படுவதில்லை. வலது மார்பகத்துக்கு அவசியம் தேவை. இடது பக்கத்துக் கவலையில் வலது பக்கத்தை மறந்துவிடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

இம்ப்ளாண்ட் விஷயத்தில் உண்மையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள இம்ப்ளாண்ட்களைச் சுற்றிய உறையில், மிக அரிதாக, ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் 2019இல் ஒரு வகைச் சொரசொரப்பு இம்ப்ளாண்ட்களும் எக்ஸ்பாண்டர்களும் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே உங்களுக்கு வைக்கப்போவது வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்று கேளுங்கள். அதன் வகையும் வரிசை எண்ணும் அச்சிட்ட அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் காரணமின்றி வீங்கினால் அந்த அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த மாதத் தேதி

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. நீங்கள் முன்பு போட்ட கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தாது. மயக்க மருந்து கொடுக்கும் கணம் வரை நீங்கள் மனம் மாறலாம், அதற்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும், உங்கள் அறுவைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்குவதும் எந்த மருத்துவரையும் அவமதிப்பது ஆகாது. அப்படி எடுத்துக்கொள்ளும் மருத்துவர் இருந்தால், இரண்டாவது கருத்து கேட்க அதுவே போதுமான காரணம்.

உங்களால் செய்ய முடியாத ஒன்று, எக்ஸ்பாண்டரை அப்படியே உள்ளே விட்டுவிடுவது. அது சில மாதங்களுக்கென்று செய்யப்பட்ட பொருள். பல எக்ஸ்பாண்டர்களில் ஊசி இறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் இருக்கும். எக்காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், அது உள்ளே இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

திட்டமிட்டபடி இம்ப்ளாண்டுக்கு மாறுவது உங்கள் முன் இருக்கும் வழிகளில் உடலுக்கு எளிதானது. முதல் அறுவையைப் போல இருக்குமோ என்ற பயம் வேண்டாம். பழைய தழும்பின் வழியாகவே போய்ப் பையை மாற்றுவார்கள், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். பாதகம் என்னவென்றால் எந்த இம்ப்ளாண்டும் ஆயுள் முழுவதற்குமானது அன்று. பத்து, பதினைந்து ஆண்டுகளிலோ அதற்குப் பிறகோ மாற்ற நேரலாம். சிலிகான் இம்ப்ளாண்ட் உள்ளே சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று அறிய, ஐந்து ஆறு ஆண்டுகளில் முதல் ஸ்கேனும் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பரிந்துரைக்கப்படுகிறது.

அந்நியப் பொருளே வேண்டாம், ஆனால் வடிவம் வேண்டும் என்று தோன்றினால், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய்களோடு எடுத்து மார்பில் பொருத்தும் முறை இருக்கிறது. அது உங்கள் உடலின் சதை. மென்மையாக இருக்கும், எடை கூடினால் கூடும், குறைந்தால் குறையும். அதற்கான விலையும் பெரிது: பல மணி நேர அறுவை, வயிற்றிலும் நீண்ட தழும்பு, முதல் இரண்டு மூன்று நாள் இரத்த ஓட்டம் நிற்காமல் கண்காணிப்பு, ஒன்றிரண்டு வாரம் குனிந்த நடை, ஆறு முதல் எட்டு வாரம் கனம் தூக்காமை. நூற்றில் ஒரு சிலருக்குப் பொருத்திய சதை பிழைக்காமல் போவதும் உண்டு. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

மூன்றாவது வழி, பையை எடுத்துவிட்டுத் தட்டையாக, சுருக்கமில்லாமல் தைத்து மூடிவிடுவது. இதைத் தோல்வி என்று சொல்லும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலும் அறுவைகள் வேண்டாம், உடலை இனி விட்டுவிடுங்கள் என்று தெளிந்த மனத்தோடு சொல்லும் பெண்கள் பலர் அதில் நிறைவாகவே இருக்கிறார்கள். தேவைப்படும்போது உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்துகிறார்கள். பின்னாளில் மனம் மாறினால் சீரமைப்பு அப்போதும் செய்யலாம், ஆனால் இப்போது விரித்து வைத்திருக்கும் தோல் அதற்குள் சுருங்கிவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், நான்காவதாகத் தள்ளிப்போடுதல் என்று ஒன்று இருக்கிறது, இப்போதைக்கு அதையே முதலில் யோசிப்பேன். கொப்புளம் ஆற வேண்டும், தோள் எழ வேண்டும். சில வாரங்கள் தேதியைத் தள்ளி வைப்பதால் உங்கள் புற்றுநோய் சிகிச்சைக்கு எந்தக் குந்தகமும் இல்லை. மாத்திரைதான் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. கொப்புளத்தைக் காட்டப் போகும்போதே இதைக் கேளுங்கள். கூடவே இன்னொன்றும்: டமாக்சிஃபென் இரத்தம் உறையும் போக்கைச் சற்றுக் கூட்டும் என்பதால் அறுவைக்கு முன் சில நாள் நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆசைப்பட்டது தவறா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். எடுத்ததோடு விட்டிருந்தால் முதல் சில வாரங்கள் எளிதாகப் போயிருக்கும், உப்புநீர் ஏற்றும் வேதனை இருந்திருக்காது, இது மெய். ஆனால் மரத்த தோலும், அக்குள் கயிறும், தூக்க முடியாத கையும் அப்போதும் இருந்திருக்கலாம். குணமாகிச் சிரித்துக்கொண்டிருக்கும் இன்னொரு உங்களைக் கற்பனை செய்து, அவரோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். அந்தப் பெண்மணி எங்கும் இல்லை. முழு உடலோடு வாழ ஆசைப்பட்டதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

விளக்கை அணைத்துவிட்டு

கணவர் பார்த்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பத்தி தள்ளி, விளக்கை அணைத்துவிட்டு உடை மாற்றுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் எப்படிப் பார்த்திருப்பார்? அவருடைய மௌனத்தை நீங்கள் அருவருப்பு என்று படிக்கிறீர்கள். என் அறைக்கு வரும் கணவர்கள், மனைவி வெளியே போன பிறகு கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "தொட்டால் அவளுக்கு வலிக்குமா?" உங்கள் கணவரும் அப்படித்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்களும் கேட்டுப் பார்க்காமல் வேறு விதமாக முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் நீங்கள் பாருங்கள், தனியாக. ஒரு நிமிடம் போதும். அழுகை வந்தால் அழுங்கள், மறுநாள் மீண்டும் ஒரு நிமிடம். தோல் முழுவதும் ஆறியிருக்கும் இடங்களில், மருத்துவர் சரி என்றால், தழும்பை எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தொட்டு மெதுவாக நீவிவிடலாம். தழும்பு இளகுவதற்கு மட்டுமல்லாமல், உங்கள் கைக்கும் அந்த இடத்துக்கும் மறுபடி பழக்கம் ஏற்படுவதற்கும் அது உதவும். தழும்பு சிவப்பு மாறி வெளிறுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும், இப்போதைய நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிறகு அவரிடம் ஒரு வாக்கியம்: "காட்ட எனக்குப் பயமாக இருக்கிறது." அதற்கு மேல் அன்று பேச வேண்டியதில்லை.

இரவில் உடல் கொதிப்பது, எரிச்சல், பிறப்புறுப்பில் வறட்சி, இணைசேர்வதில் விருப்பமின்மை ஆகியவற்றையும் எழுதியிருந்தீர்கள். இவற்றில் பெரும் பங்கு டமாக்சிஃபென் கணக்கு. ஹார்மோன் கலக்காத வழுவழுப்புக் களிம்புகள் வறட்சிக்கு உதவும். மாதவிலக்கு ஒழுங்கில்லாவிட்டாலும் கரு தங்கலாம். இந்த மாத்திரை கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதால் ஹார்மோன் இல்லாத கருத்தடை முறை ஒன்று அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல், தூக்கமில்லாமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அதை மன உறுதிக் குறைவு என்று மூடி வைக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே போங்கள். டமாக்சிஃபென் சாப்பிடுவதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் சில, அதன் வேலையைக் குறைக்கக்கூடியவை. அவற்றைத் தவிர்த்து வேறு கொடுப்பார்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது: "எப்போது குப்புறப் படுத்துத் தூங்கலாம்?" ஏன் அடித்தீர்கள் என்று புரிகிறது, புற்றுநோய்க் கடிதத்தில் இது ஒரு கேள்வியா என்று தோன்றியிருக்கும். எக்ஸ்பாண்டர் இருக்கும் வரை வேண்டாம். இம்ப்ளாண்ட் மாற்றிக்கொண்டால், காயம் ஆறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மருத்துவர் சரி என்றதும் படுக்கலாம். அதற்கு முந்தைய படி வலது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது. இடது கைக்கு முட்டுக் கொடுத்துத் தலையணை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அதற்கு எப்போது அனுமதி என்று கொப்புளத்தைக் காட்டப் போகும்போது கேட்டுவிடுங்கள். கேள்வியை இந்த முறை அடிக்காதீர்கள்.